புதனும் சனியும் வந்த எலுமிச்சை

பீப்பாய்கள் மூச்சு விடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் விட்டன. ஜூரோங்கில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. உள்ளே நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் சுவரோரமாக வரிசையாக நிற்கும். காலை எட்டு மணிக்கு இரும்புக் கதவை மேலே தள்ளிவிட்டு உள்ளே போனால் விளக்குப் போடும் முன்பே சத்தம் கேட்கும். தூரத்து மூலையில் ஸ்ஸ் என்று ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பிறகு நீண்ட அமைதி, பிறகு என் இடுப்புக்குப் பக்கத்திலேயே ஒன்று. ஆள் இல்லாத இடத்தில் நிறையப் பேர் படுத்துத் தூங்குவது மாதிரி இருக்கும். நான் பயந்த சுபாவம் கிடையாது. ஆனாலும் கதவிலிருந்து பத்தடி தள்ளி ஸ்விட்ச்சை வைத்த எலக்ட்ரீஷியனை ஒரு நாளும் மனசுக்குள் திட்டாமல் நடந்ததில்லை.

தொழில் இதுதான். பழத்தோல், காய்கறிக் கழிவு, பழுப்புச் சர்க்கரை, தண்ணீர் எல்லாம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று மாதத்தில் புளித்து ஒரு திரவமாகிவிடும். இங்கே எல்லாரும் அதை என்சைம் என்பார்கள். தரை துடைக்கலாம், அடைத்துக்கொண்ட சிங்க்கில் ஊற்றலாம், அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கலாம். வடிகட்டியபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்துச் செடிக்கு உரமாக விற்கலாம். வீட்டுப் பெண்கள் ஐஸ்கிரீம் டப்பாவில் செய்வதை எங்கள் முதலாளி பீப்பாயில் செய்தார். அவர் சீனர். பெயிண்ட் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு, இனிமேலாவது கெடுதல் இல்லாத ஒன்றை விற்கலாம் என்று இதில் இறங்கியவர். புளிக்கும்போது உள்ளே வாயு சேரும், அதை வெளியே விட மூடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. அந்த வால்வின் சத்தம்தான் மூச்சு. இவ்வளவும் எனக்குத் தெரியும். வேதியியல் படித்தவள் நான், அங்கே தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. தெரிந்திருந்தும் அந்தப் பத்தடியைக் கொஞ்சம் வேகமாகத்தான் கடப்பேன்.

தோல் வந்தது லிட்டில் இந்தியாவிலிருந்து. செராங்கூன் சாலைக்குப் பின்னால் மூன்று சந்துகள் சேரும் முனையில் எங்கள் பச்சைத் தொட்டிகள் நான்கு நின்றன. அக்கம்பக்கத்து ஜூஸ் கடைகள், ஊறுகாய் போடும் ஒரு சமையற்கூடம், வெட்டிய பழம் விற்பவர்கள் எல்லாரும் அதில் போடுவார்கள். மாம்பழத் தோல், அன்னாசித் தோல், பிழிந்த எலுமிச்சை மூடிகள், பூசணிக் குடல், வாழைப்பூ மடல். எச்சில் சோறு கூடாது, சமைத்தது எதுவும் கூடாது என்று நான்கு மொழியில் எழுதி ஒட்டியிருந்தோம். அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே என் கணவர்தான். அந்தச் சந்து முனையை ஒட்டியிருந்த பாத்திரக்கடையில் அவர் சூப்பர்வைசர், கடைக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பழக்கம். லாரி புதன்கிழமையும் சனிக்கிழமையும் போய் எடுத்து வரும்.

வந்ததை எஃகு மேசையில் கொட்டிப் பொறுக்க வேண்டும். ரப்பர் பேண்ட், பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் கயிறு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் வரும். உயிரை வாங்குவது பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான். கையுறை போட்ட விரலுக்கு அது அகப்படாது, நகம் வேண்டும். அதனால் நானும் என்னோடு பொறுக்கும் அக்காவும் அரைமணி நேரத்தில் கையுறையைக் கழற்றிப் போட்டுவிடுவோம். மொத்தமே ஆறு பேர் வேலை செய்த கம்பெனி. தரக்கட்டுப்பாடு என்று பெயர் இருந்தாலும் பொறுக்கும் மேசையில் எனக்கு ஓர் இடம் உண்டு.

மூன்று நான்கு நாள் தொட்டிக்குள் அடைந்து கிடந்ததில் தோல் தானாகவே புளிக்க ஆரம்பித்திருக்கும். குவியலுக்குள் கையை ஆழமாக விட்டால் சூடாக இருக்கும், சரியாக உடம்புச் சூடு. முதல் வாரம் வெடுக்கென்று கையை எடுத்தேன். குவியலுக்குள்ளே யாரோ இருப்பது போல் ஓர் உணர்வு. பிறகு அதுவும் பழகிப்போனது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூன் லேயில் இருப்பவர், ஐம்பத்தைந்து வயது, வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியை மூடிவிட்டதால் எங்களிடம் வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருந்தும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார், சொன்னாலும் கேட்கமாட்டார். கை மின்னல் மாதிரி ஓடும். அந்தக் கை ஒரு புதன்கிழமை திடீரென்று நின்றது. பார்த்தால் அக்கா மேசையை விட்டு ஓரடி பின்னால் போய் நிற்கிறார். மாம்பழத் தோலுக்கு நடுவில் பாதியாக வெட்டிய ஓர் எலுமிச்சை, உள்ளே குங்குமம் அப்பியிருந்தது. ஈரத்தில் குங்குமம் கரைந்து சுற்றிலும் இருந்த தோல்களுக்கும் சிவப்பு இறங்கியிருந்தது.

எனக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. செவ்வாய், வெள்ளியில் கடையைச் சுற்றித் திருஷ்டி கழித்த எலுமிச்சையை வெட்டிக் குங்குமம் தடவி முச்சந்தியில் போட வேண்டும். போட்டதை மிதிக்கக்கூடாது, தாண்டக்கூடாது, தொடவே கூடாது. இந்த ஊரில் முச்சந்தியில் எதைப் போட்டாலும் ஃபைன். ஆனால் எங்கள் தொட்டி நின்றதோ மூன்று சந்து கூடும் இடத்தில், அதில் எலுமிச்சை போடலாம் என்று நாங்களே எழுதியும் வைத்திருந்தோம். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். சட்டமும் பிழைத்தது, சாஸ்திரமும் பிழைத்தது. நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும் என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"மேடம், அது கண்ணு எடுத்துப் போட்டது லா. நம்ம கை பட்டா நம்மகிட்ட வந்துரும்," என்றார்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. செய்யாதே என்று யாராவது சொன்னால் செய்தே தீருவேன். வெறுங்கையால் அந்த எலுமிச்சையை எடுத்து, அக்கா பார்க்கும்படி குங்குமத்தைக் கட்டைவிரலால் வழித்து, கழிவு வாளியில் போட்டேன். குங்குமத்தில் சாயம் இருக்கிறது, திரவத்தின் நிறம் கெடும், அதற்காகத்தான் இதை எடுக்கிறோம், வேறொன்றும் இல்லை என்று ஒரு வகுப்பே எடுத்தேன். பதிவேட்டில் தேதி போட்டு, வெளிப்பொருள், குங்குமம் என்று எழுதினேன். இனிமேல் இந்த மாதிரி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நீங்கள் தொட வேண்டாம் என்று பெரிய மனதோடு சொன்னேன். அன்று மாலை வீட்டில் அந்தத் தொட்டிப் புண்ணியவானைப் பற்றி என் கணவரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவரும் நன்றாகச் சிரித்தார். கோயிலுக்கு வந்தால்கூட வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் அவர்.

ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றக் கடைக்காரர்களும் ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு புதனும் சனியும் மூன்று நான்கு வரும். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடம் என்று மட்டும் சொல்வார். நான் போய் எடுப்பேன். சாயம் நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் போகாது. எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது என் விரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி தெரியும்.

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. நாற்பது வயது. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. புக்கிட் மேரா வீட்டு அடுப்படியில் வைத்து என் கணவரிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார், பிறகு எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் திரும்பப் பற்றவைத்தார். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தோம். இந்த முறையும் போனால் இன்னொரு முறை இருக்காது என்பதை டாக்டர் நேராகச் சொல்லவில்லை, ஆனால் அவர் பேசிய விதத்தில் அது இருந்தது. லேசான வேலை செய்யலாம் என்றார். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் பயத்திலேயே செத்துவிடுவேன் என்று தோன்றியது, அதனால் போய்க்கொண்டிருந்தேன். கனமான எதையும் தூக்கவில்லை.

அந்த நாட்களில் விடியற்காலையில் ஒன்று நடக்கும். நல்ல தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடக்கும் நேரம். மூடிய கண்ணுக்கு மேல் ஒரு நிழல் போகும். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம், பிறகு மறுபடியும், பிறகு மறுபடியும். சற்று நின்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும். யாரோ குனிந்து நிற்பதுபோல் என் முகத்தில் மூச்சுக் காற்று படும். கண்ணைத் திறக்க வேண்டும் என்று நினைப்பேன், இமை கேட்காது. கடைசியில் திறந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். கர்ப்பத்தில் கண்ட கனவும் வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதை நம்பி யாரிடமும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அது தினமும் வரவில்லை என்பது தெரிகிறது. அப்போது நான் கிழமையைக் கணக்கில் வைக்கவில்லை.

மேசையிலும் புதிதாக ஒன்று வர ஆரம்பித்தது. மற்ற எலுமிச்சைகளுக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் ஒன்று. மலாய்க்காரர்கள் லிமாவ் கஸ்தூரி என்பார்களே, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டில் ஓரமாக வைப்பது, அது. அதையும் பாதியாக வெட்டி, அதற்குள்ளும் குங்குமம் வைத்து, டிஷ்யூ பேப்பரில் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. ஒவ்வொரு புதனும் ஒன்று, ஒவ்வொரு சனியும் ஒன்று. அக்காவுக்கே அதைப் பார்த்ததும் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. சம்பாலில் பிழிகிறதை வைத்து யாராவது கண்ணு சுற்றுவார்களா, யாரோ முறை தெரியாத ஆள் என்றார். நானும் சிரித்தேன். பதிவேட்டில் குங்குமம், சிறியது என்று தனியாக எழுதினேன். அந்தச் சின்னப் பழத்தில் எனக்கு ஒரு பிரியம்கூட வந்துவிட்டது. பொறுக்க ஆரம்பித்ததுமே வந்துவிட்டதா என்று கண் தேடும்.

ஒரு சனிக்கிழமை அதைப் பிரித்தபோது குங்குமத்தோடு ஒரு முடி ஒட்டியிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு வந்தது. குங்குமத்தில் தோய்ந்திருந்ததால் என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. விரலில் சுற்றிக்கொண்டது, உதறினால் போகவில்லை, குழாயில் கழுவித்தான் எடுத்தேன்.

அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. "கடைக்குச் சுத்துனதுல முடி எப்படி மேடம் வரும்? இது ஆளுக்குச் சுத்துனது. யாரோ பொம்பளைக்கு," என்றார்.

யாருக்காக இருந்தால் என்ன, நம் வேலையைப் பார்ப்போம் என்று அதட்டினேன். என் குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. அன்றைக்குக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், நகத்தைப் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். அடுத்த புதன் மேசைக்குப் போகும்போது பாக்கெட்டிலிருந்து கையுறையை எடுத்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்ததைத் திரும்பப் பாக்கெட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையால் அந்த எலுமிச்சையை எடுத்தேன். அக்கா முன்னால் தோற்கக்கூடாது என்ற வீம்பைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாள் தள்ளிய வாரத்தில் நிரப்பிய பீப்பாய் ஒன்று இருந்தது. நானே தேதி எழுதி ஒட்டியது. அது மற்றவை மாதிரி இல்லை. பக்கங்கள் புடைத்துக்கொண்டு வந்தன, வால்வு போதாமல் காலையும் மாலையும் மூடியைத் தளர்த்திவிட வேண்டியிருந்தது. திறந்தால் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அடங்கும், பிறகு நுரை மெதுவாக ஏறும். எலுமிச்சையும் அன்னாசியும் அதிகம் விழுந்திருக்கும், சர்க்கரை கூடியிருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் அதனிடம்தான் போனேன். பக்கத்தில் நின்று மூச்சு வரும்வரை காத்திருப்பேன். வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. பைத்தியக்காரத்தனம்தான், இருந்தாலும் செய்தேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்த மறுநாள் ஸ்கேன். இவரும் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அந்த அறையில் இதற்கு முந்தைய இரண்டு ஸ்கேனிலும் கேட்டிருந்த இதயத் துடிப்பு இந்த முறை கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்த பெண் கருவியை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார், பிறகு திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். இவர் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், போர்வைக்கு வெளியே தெரிந்தது அதுதான்.

நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை, செய்யாமல் விட்ட எதனாலும் நடக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். இவர் சமைத்தார், துவைத்தார், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். துக்கத்தில் இருப்பவர் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

திரும்ப வேலைக்குப் போன அன்று கதவைத் தூக்கியதும் அந்த மூச்சுகள் எல்லாம் ஒன்றாகக் கேட்டன. இருட்டில் நின்றேன். நான் தேதி எழுதிய பீப்பாய் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் ஆத்திரம் வந்தது. உனக்கு மட்டும் என்ன என்று கேட்டேன், வாய்விட்டே கேட்டேன். அது ஸ்ஸ் என்றது. விளக்கைப் போடாமல் வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து பார்த்தார். உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு மக் மைலோ கலந்துகொண்டு வந்து கையில் கொடுத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

அது சனிக்கிழமை. லாரி வந்தது. மேசையில் கொட்டினோம். கடைக்காரர்களின் எலுமிச்சை மூன்று வந்தது. சின்னது வரவில்லை. என் கண் தேடியதைப் பார்த்த அக்கா, நீங்க லீவு போட்ட நாள்ல இருந்து அது வரலை மேடம் என்றார்.

நான் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். லீவில் இருந்த நாட்களுக்கு அக்கா எழுதியிருந்தார். குங்குமம், குங்குமம், குங்குமம். சிறியது என்று எங்கும் இல்லை. பின்னால் புரட்டினேன். ஸ்கேனுக்கு முந்திய சனிக்கிழமைதான் கடைசி. இன்னும் பின்னால் புரட்டி முதல் முறை வந்த புதன்கிழமைக்குப் போனேன். நான் அடுப்படியில் வைத்து இவரிடம் சொன்னது ஒரு திங்கட்கிழமை. சிறியது முதலில் வந்தது அதற்கு மறுநாளுக்கு மறுநாள். நடுவில் ஒரு கிழமைகூட விடுபடவில்லை. அந்தத் திங்கட்கிழமை விஷயம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வயிறு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. இவர் அன்று பாதி நாள் வேலை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் கம்பெனி என்சைமை ஊற்றி வாசல் காரிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரிடார் கம்பி ஓரமாக அவர் வளர்க்கும் செடிகள் உண்டு. கறிவேப்பிலை, பாண்டான், துளசி, பிறகு ஒரு லிமாவ் கஸ்தூரி. எனக்கும் செடிக்கும் ஆகாது, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறவள் இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். கிளை வளையும் அளவுக்குக் காய்த்துக் கிடந்தது. பழுத்து உதிர்ந்தவை தொட்டி மண்ணில் அழுகிக்கொண்டிருந்தன. பல நாட்களாக யாரும் பறிக்கவில்லை.

"எதுக்கு இதைப் பறிக்காம விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் மாப்பை வாளிக்குள் விட்டுப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய ஒன்றுமில்லாமல் போனபிறகும் பிழிந்தார். பிறகு செருப்பு ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்ன மறுநாள் விடியற்காலையில் ஆரம்பித்தாராம். கடையில் எலுமிச்சை வாங்கினால் தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள் என்று வீட்டுச் செடியில் பறித்துக்கொண்டார். எப்படிச் சுற்றுவது என்று ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் நான் தூங்கும்போது வலது பக்கம் மூன்று, இடது பக்கம் மூன்று. அடுப்படியில் வெட்டி, கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவார். கடை திறக்கும் முன்னால் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். தொட்டி யோசனை நான் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையிலிருந்து வந்ததுதான்.

யார் கண் பட்டுவிடும் என்று அப்படிப் பயந்தீர்கள், நாம் யாரிடமும் சொல்லவே இல்லையே என்று கேட்டேன்.

"வேற யாரு, என் கண்ணுதான். நீ தூங்கும்போது பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். என் கண்ணே பட்டுடுமோன்னு பயமா இருந்துச்சு."

அவர் அழுது நான் பார்த்தது அது முதல் தடவை. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே பேசினார். போன வாரம் ஊறுகாய் சமையற்கூடத்து அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டாராம், கழித்துப் போட்டது திரும்பி வருமா என்று. அந்த அம்மா, யாருக்குச் சுற்றினோமோ அவர்கள் கையே அதைத் தொட்டுவிட்டால் போனது அத்தனையும் திரும்ப வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

"லாரில ஏத்தி, அப்படியே டிரம்முக்குள்ள கொட்டிடுவாங்கன்னு நெனச்சேன். எல்லாம் மெஷின்தான், நான் ரிப்போர்ட் மட்டும் எழுதுறேன்னு நீதானே சொன்ன. யார் கையும் படாதுல்ல?"

சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டதாரிப் பெண் தோல் பொறுக்குகிறாள் என்று அவர் வருத்தப்படக்கூடாது என்று சொன்னது. அதை மறந்தே போயிருந்தேன்.

என் மனதில் டாக்டரின் வாக்கியத்தைத் தேடினேன். அது அங்கேதான் இருந்தது, ஆனால் ஒட்டவில்லை. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருக்கும், குங்குமத்தில் சாயம் இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். விரலில் சுற்றிக்கொண்டு போகமாட்டேன் என்ற அந்த முடி யாருடையது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஒரு பதினைந்து எடுத்திருப்பேன். ஒவ்வொன்றையும் வெறுங்கையால், வேண்டுமென்றே, வீம்புக்காக. நான் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது. எலுமிச்சையைவிட, பதிலுக்காக நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் சாகும்வரை தன் கையால்தான் பிள்ளையைக் கொன்றதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

"படாது," என்றேன். "எல்லாம் மெஷின்தான்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என் வலது கையை எடுத்து, விரல்களைப் பிரித்து, தன் இரண்டு கண்களிலும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.